செவிலிய மேற்படிப்பு: கட்டணத்தைவிடப் பெரிய செலவு

அமெரிக்காவில் செவிலியராகப் பணியாற்றிக்கொண்டே முதுநிலைப் படிப்பில் சேர விரும்பும் தமிழ்ப் பெண்கள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் ஆலோசனை கேட்டுவருகிறார்கள். மொத்தக் கட்டணம் எவ்வளவு ஆகும், அதற்கு எங்கே கடன் கிடைக்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் சேமிப்பு என்று எதுவும் இல்லாத வீட்டிலிருந்து வந்து, இப்போது நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் மேல்நிலைச் செவிலியரான நர்ஸ் பிராக்டிஷனருக்குரிய படிப்பைப் பகுதிநேரமாகப் படித்துக்கொண்டிருக்கும் எனக்குக் கட்டணம் இரண்டாவது கவலையாகவே இருக்கிறது. சம்பளமே இல்லாமல் கொடுக்க வேண்டிய மணிநேரங்கள்தாம் முதல் கவலை. கட்டணத்துக்கு ஏதோ ஒரு வகையில் கடன் வாங்கிவிடலாம். வேலைக்குப் போக முடியாத நாட்களின் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் தரப் பெரிய வழி என்று ஒன்றுதான் இருந்தது. இப்போது அதையும் மூடுகிறார்கள்.

என் அம்மா விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். அப்பா கேஸ் ஸ்டேஷனில் இரவுப் பணி பார்த்தார். நான் செவிலியரானதில் அரசு உதவித்தொகைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. 2025–26 கல்வியாண்டில் அதன் உச்ச அளவு 7,395 டாலர். சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டுச் செவிலியப் படிப்பைப் படித்தபோது கட்டணத்தின் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொண்டது. உரிமத் தேர்வில் தேறி, வேலையில் சேர்ந்து, அதன் பிறகு இளநிலைப் பட்டத்தையும் முடித்தேன். அந்தப் பட்டம் கைக்கு வந்ததும் பெல் உதவிக்கான தகுதி முடிந்துவிடுகிறது. படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்றுக்கொள்ளும் கடனும் முதுநிலை மாணவர்களுக்கு 2012 ஜூலையிலிருந்து கிடையாது. ஆகவே மேற்படிப்பின் வாசலுக்கு வந்துவிட்டால், வசதியான வீட்டு மாணவருக்கும் ஏழை வீட்டு மாணவருக்கும் மத்திய அரசிடமிருந்து பொதுவாகக் கிடைப்பது வட்டிச் சலுகை இல்லாத கடன்தான். பணம் கொடுக்கப்பட்ட நாளிலிருந்தே அதற்கு வட்டி ஏறத் தொடங்கும். 2025–26இல் எல்லோருக்கும் கிடைக்கும் அடிப்படைக் கடனின் வட்டி 7.94 விழுக்காடு, 20,500 டாலர் கடன் ஓராண்டு முழுவதும் நிலுவையில் இருந்தால் வட்டி மட்டுமே 1,600 டாலரைத் தாண்டிவிடும்.

கல்வி உதவிக்கு எல்லோரும் நிரப்பும் ஃபாஃப்சா படிவம் முதுநிலை மாணவரைப் பெற்றோரைச் சாராதவராகவே கொள்கிறது. அம்மா அப்பாவின் வருமானத்தை அது கேட்பதில்லை. என் வருமானத்தை மட்டும், அதுவும் இரண்டாண்டுக்கு முந்தைய வரிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. முழுநேரமாகவும் அதற்கு மேல் கூடுதல் ஷிப்டுகளும் பார்த்த ஆண்டு அது. அந்தக் கணக்கின்படி நான் தேவையுள்ள மாணவியே அல்ல. ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் பெற்றோர் வீட்டு வாடகையின் ஒரு பங்கும், அப்பாவின் மருந்துச் செலவும், தம்பியின் படிப்பும் நடந்தன. ஒரு ஏழைக் குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் சம்பளம் முழுவதையும் அவருடைய சொந்த வருமானம் என்று சொல்லிவிட முடியாது; பல ஆண்டுகளாகக் காத்திருந்த தேவைகள் அதற்குள் இருக்கின்றன. வீட்டுக்கு மாதந்தோறும் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்கும் இடம் அந்தப் படிவத்தில் இல்லை. படிப்பதற்காக வேலை நேரத்தைக் குறைக்கப்போகிறேன், அதனால் அடுத்த ஆண்டு அந்த வருமானம் இருக்காது என்பதும் அதற்குத் தானாகத் தெரிவதில்லை.

இனி, நான் முதலில் சொன்ன மணிநேரங்களுக்கு வருகிறேன். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணி 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து உருவானது. நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதித் தரும் பொறுப்பு இதில் இருப்பதால், வகுப்பறைப் படிப்போடு நேரடிப் பயிற்சியும் கட்டாயம். நீண்ட காலம் அதன் குறைந்தபட்ச அளவு 500 மணிநேரமாக இருந்தது. 2022இல் வெளியான தேசியத் தர வரையறை அதை 750 மணிநேரமாக உயர்த்தியது. செவிலிய முனைவர் பட்டமான டிஎன்பி வரை செல்வோர் இளநிலைப் பட்டத்துக்குப் பின் மொத்தம் 1,000 மணிநேரம் முடிக்க வேண்டும். இந்த உயர்வை நான் எதிர்க்கவில்லை. என் அம்மாவின் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதித் தருபவர் போதுமான நோயாளிகளைப் பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும் என்றே நானும் விரும்புவேன். ஆனால் அந்த 250 கூடுதல் மணிநேரத்தின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த வரையறையில் பதில் இல்லை.

மருத்துவமனைச் செவிலியர் பெரும்பாலும் வாரத்துக்கு 12 மணிநேர ஷிப்டுகள் மூன்று பார்ப்பார், அதாவது 36 மணிநேரம். அந்த அளவில் கணக்கிட்டால் 750 மணிநேரம் என்பது ஏறத்தாழ 21 வாரச் சம்பளம். கிட்டத்தட்ட ஐந்து மாதங்கள். பயிற்சியை விடுமுறை நாட்களில் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். குடும்ப மருத்துவம் நடக்கும் கிளினிக்குகள் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, பகலில்தான் திறந்திருக்கும். எனவே பகல் ஷிப்டுகளை விட்டுவிட்டு இரவுக்கும் வார இறுதிக்கும் மாற வேண்டியிருக்கிறது. இரவு முழுவதும் விழித்திருந்துவிட்டு மறுநாள் காலை ஒரு குழந்தையின் காதைப் பரிசோதிக்கச் செல்வது யாருக்கும் நல்லதல்ல, அந்தக் குழந்தைக்கும் நல்லதல்ல. அதைத் தவிர்க்க முழுநேர வேலையைக் குறைத்தால், சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடும் மருத்துவமனை தரும் படிப்பு உதவியும் சேர்ந்தே குறையலாம். வாரத்துக்கு எத்தனை மணிநேரத்துக்குக் கீழே போனால் காப்பீடு நின்றுவிடும் என்பதை மனிதவளப் பிரிவில் எழுத்துமூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ஷிப்டைக்கூடக் குறைக்காதீர்கள் என்பதுதான் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது.

அந்தப் பயிற்சியை மேற்பார்வையிடும் பிரிசெப்டரைத் தேடும் பொறுப்பையும் பல கல்வி நிறுவனங்கள் மாணவரிடமே விட்டுவிடுகின்றன. மருத்துவரையோ மூத்த நர்ஸ் பிராக்டிஷனரையோ குடும்ப நண்பராகக் கொண்டவர்களுக்கு இது ஒரு தொலைபேசி அழைப்பு. எங்களைப் போன்ற வீடுகளில் அப்படி யாரும் இல்லை. முன்பின் அறியாத கிளினிக்குகளுக்கு எழுதி, பதில் வராமல் மீண்டும் எழுதி, கடைசியில் பணம் வாங்கிக்கொண்டு பிரிசெப்டரை ஏற்பாடு செய்து தரும் தனியார் சேவைகளின் பக்கம் போக வேண்டியிருக்கிறது. கல்லூரிக்கு அந்த மணிநேரங்களுக்கான கட்டணத்தைச் செலுத்திவிட்டு, அதே மணிநேரங்களுக்காக வெளியாளுக்கும் பணம் கொடுப்பது எப்படிச் சரியாகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிரிசெப்டரைத் தானே ஏற்பாடு செய்து தரும் நிறுவனத்தின் கட்டணம் சற்றே கூடுதலாக இருந்தாலும், ஏழை மாணவருக்கு அதுவே மலிவானது.

மருத்துவப் படிப்பு முடித்து மருத்துவமனையில் பயிற்சி பெறும் ரெசிடென்ட் மருத்துவருக்குச் சம்பளம் உண்டு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாக 1965இல் உருவான மெடிகேர் திட்டம் தொடக்கத்திலிருந்தே அந்தப் பயிற்சிச் செலவில் பெரும்பங்கை ஏற்றுவருகிறது. மேற்படிப்புச் செவிலியர்களின் பயிற்சிக்கும் மெடிகேர் பணம் தரட்டும் என்று ஒரே ஒரு முறை சோதித்துப் பார்த்தார்கள். 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டம் அதற்காக நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. 2012இல் ஐந்து மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினார்கள். அந்தப் பணம் மாணவரின் கைக்கு வரவில்லை, பயிற்சி தரும் இடங்களுக்கே போனது என்றாலும், இடம் தேடி அலையும் சுமையை அது குறைத்திருக்க முடியும். 2018இல் அது முடிந்தது. நாடு முழுவதற்குமான நிரந்தரத் திட்டமாக அது மாறவில்லை.

இந்த இடைவெளியை இத்தனை காலம் நிரப்பிவந்தது கிராட் பிளஸ் என்ற கடன். 2006இல் வந்த இந்தத் திட்டத்தின்படி, கல்வி நிறுவனம் நிர்ணயிக்கும் மொத்தப் படிப்புச் செலவு வரை, அதாவது தங்குமிடம், உணவு, போக்குவரத்து உட்பட, முதுநிலை மாணவர் மத்திய அரசிடம் கடன் பெற முடிந்தது. அது மலிவான கடன் அல்ல. 2025–26இல் அதன் வட்டி 8.94 விழுக்காடு, கடன் கொடுக்கும்போதே 4.228 விழுக்காட்டைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் 10,000 டாலர் வாங்கினால் அதில் 420 டாலருக்கு மேல் பிடித்தமாகவே போய்விடும். இருந்தாலும் ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லாத வீட்டு மாணவருக்கு, கடுமையான கடன் தவறுகள் இல்லாதவரை, அது கிடைத்தது. 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம், புதிதாகக் கடன் வாங்குவோருக்கு 2026 ஜூலை 1 முதல் கிராட் பிளஸ் இல்லை என்று ஆக்கியிருக்கிறது. இனி எஞ்சியிருப்பது நான் மேலே சொன்ன அடிப்படைக் கடன் மட்டுமே; அதற்கு முதுநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1 லட்சம் டாலர் என்று வரம்பு. தொழில்முறைப் பட்டம் படிப்பவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர். 2025 நவம்பரில் கல்வித்துறையின் விதிவகுப்புக் குழு ஒப்புக்கொண்ட வரையறையில் மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், மருந்தியல், கால்நடை மருத்துவம், இறையியல் முதலியவை தொழில்முறைப் பட்டங்களாக இடம்பெற்றன. செவிலியம் அதில் இல்லை. உரிமத் தேர்வும், ஆண்டுக்கணக்கான பணி அனுபவமும், மருந்து எழுதும் பொறுப்பும் கொண்ட ஒரு துறையை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது என்னைப் போன்ற பலரை ஆழமாகப் புண்படுத்தியது. ஆனால் மரியாதை குறைந்ததைவிட, ஆண்டுக்கு 29,500 டாலர் வரையான வித்தியாசம்தான் ஒருவர் படிப்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கும்.

அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. என் கருத்தில் ஏழைச் செவிலியர்களை அதிகம் பாதிக்கப்போவது அதுதான். பகுதிநேரமாகப் படிப்பவரின் ஆண்டுக் கடன் வரம்பு, அவர் எடுத்துக்கொள்ளும் படிப்பின் அளவுக்கு ஏற்பக் குறைக்கப்படும். பாதிச் சுமை எடுத்தால் 20,500 டாலர் 10,250 ஆகிவிடும். வேலையை விட முடியாததால்தான் ஒருவர் பகுதிநேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். பகுதிநேரம் என்பதால் கடன் பாதியாகிறது. கடன் பாதியானதால் இன்னும் கூடுதல் ஷிப்டுகள் பார்க்க வேண்டியிருக்கிறது. பாதிக்கும் கீழே சுமையைக் குறைத்துவிட்டால் மத்திய அரசின் கடனே கிடைக்காது. இளநிலைப் படிப்புக்கு வாங்கிய பழைய கடனின் தவணையும் தொடங்கிவிடும். அதே படிப்பில் ஏற்கெனவே சேர்ந்து 2026 ஜூலை 1க்கு முன் கடன் பெற்றவர்களுக்கு மட்டும் மூன்று கல்வியாண்டுகள் அல்லது படிப்பின் எஞ்சிய காலம், எது குறைவோ அதுவரை பழைய வரம்புகள் தொடரும். அந்த வாசல் மூடுவதற்குள் நான் உள்ளே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வருபவர்களை நினைத்தே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மருத்துவமனைகள் தரும் படிப்பு உதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை தருபவர் செலுத்தும் படிப்புச் செலவில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை ஊழியர் வரி கட்ட வேண்டியதில்லை. 1986இல் நிர்ணயித்த அந்த வரம்பு நாற்பது ஆண்டுகளாக அப்படியே நின்றது. 2026க்குப் பிறகுதான் விலைவாசிக்கேற்ப உயரப்போகிறது. பல மருத்துவமனைகள் தங்கள் உதவியையும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்தப் பணமும் பெரும்பாலும் தேர்வு முடிந்து மதிப்பெண் வந்த பிறகே கிடைக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பருவத் தொடக்கத்தில் கட்டணத்தைக் கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். முன்பணம் கட்ட வழி உள்ளவருக்கு அது நல்ல உதவிதான். எனக்கு அந்த மாதங்களைக் கடன் அட்டையில் கடப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை, அதன் வட்டியோ யாரும் திருப்பித் தரும் செலவு அல்ல.

படித்து முடித்த பின் கிடைக்கும் உதவிகள் பல உண்டு. நர்ஸ் கார்ப்ஸ் கடனடைப்புத் திட்டம், செவிலியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் இரண்டாண்டு பணியாற்றினால் செவிலியப் படிப்புக் கடனில் 60 விழுக்காட்டை அடைத்துத் தருகிறது. மூன்றாம் ஆண்டும் தொடர்ந்தால் இன்னும் 25 விழுக்காடு. செவிலிய ஆசிரியராக விரும்புவோருக்கான மத்திய அரசுக் கடனில், படித்த பின் கற்பிக்கும் பணியில் இருந்தால் நான்காண்டுகளில் 85 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கும். அரசு அல்லது இலாப நோக்கற்ற மருத்துவமனையில் வேலை பார்த்தபடி 120 தவணை செலுத்தினால் எஞ்சிய கடனை நீக்கும் திட்டம் 2007இலிருந்து இருக்கிறது. இவற்றால் பயன்பெற்றவர்களை எனக்குத் தெரியும். ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே கரை சேர்ந்தவருக்குத் தரப்படுபவை. அடுத்த மாத வாடகைக்குப் பணம் இல்லாததால் பாதியில் நின்றுவிட்டவருக்குக் கடன் தள்ளுபடி எந்த வகையிலும் உதவாது. அவர் கையில் கடன் மட்டும் இருக்கும், பட்டம் இருக்காது.

படிக்கும்போதே செலவுக்குப் பணம் தர முடியும் என்பதை இந்த நாடு ஒரு காலத்தில் செய்து காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல் நிறைவேறிய போல்ட்டன் சட்டம் கேடட் நர்ஸ் கார்ப்ஸ் என்ற அமைப்பை உருவாக்கிக் கட்டணம், புத்தகம், சீருடை ஆகியவற்றோடு மாத உதவித்தொகையும் கொடுத்தது. 1948க்குள் 1,20,000க்கும் மேற்பட்டோர் அதன் வழியாகச் செவிலியரானார்கள். நாட்டுக்கு அவசரம் என்று வந்தபோது, ஏழைப் பெண் பசியோடு படிக்கக் கூடாது என்பது அரசுக்கு எளிதாகவே புரிந்திருக்கிறது. இன்று அதற்கு ஓரளவு நெருங்கி வருவது நர்ஸ் கார்ப்ஸ் உதவித்தொகைத் திட்டம்: கட்டணத்தோடு மாதப் படியும் தருகிறது, பதிலாகக் குறைந்தது இரண்டாண்டு பற்றாக்குறை உள்ள இடத்தில் பணியாற்ற வேண்டும். மிகுந்த பொருளாதாரத் தேவை உள்ளவர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அந்தத் தேவையை அளப்பது நான் மேலே சொன்ன அதே ஃபாஃப்சா கணக்குதான். கூடுதல் ஷிப்டுகள் பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய செவிலியரை அந்தக் கணக்கு வரிசையின் பின்னால் தள்ளிவிடுகிறது.

இதன் விளைவு யார் எந்தப் படிப்புக்குப் போகிறார்கள் என்பதில் தெரிகிறது. மயக்கவியல் செவிலியராக விரும்புவோர் இப்போது முனைவர் பட்டம் படிக்க வேண்டும். குறைந்தது 36 மாதங்கள், 2,000 மணிநேரப் பயிற்சி, அந்தக் காலத்தில் வேலை பார்ப்பது ஏறக்குறைய முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னோடு பணியாற்றிய, எங்கள் எல்லோரையும்விடக் கூர்மையான ஒரு தோழி, தன் தாயைப் பராமரிக்கும் பொறுப்பால் அந்த எண்ணத்தையே கைவிட்டார். துணைவரின் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிந்தவர்கள் போனார்கள். செவிலியக் கல்லூரிகள் ஆசிரியர் பற்றாக்குறையால் ஒவ்வோர் ஆண்டும் தகுதியான பல்லாயிரம் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புகின்றன. ஆசிரியராவதற்கு முதுநிலைப் பட்டமாவது வேண்டும். அந்தப் பட்டத்துக்கான வழியை நெருக்கினால் அடுத்த தலைமுறைச் செவிலியர்களின் எண்ணிக்கையும் சேர்ந்தே சுருங்கும்.

சேர முடிவெடுத்தவர்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் அறிந்திருக்கவில்லை. ஃபாஃப்சா காட்டும் வருமானம் இனி இருக்கப்போவதில்லை என்றால், கல்வி நிறுவனத்தின் நிதியுதவி அலுவலகம் தன் தீர்ப்பின்படி அந்தக் கணக்கைத் திருத்த மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. திருத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் ஆவணங்களோடு கேட்க வேண்டும். பயிற்சிக்காக வேலை நேரம் குறைவதைக் காட்டும் மேலாளரின் கடிதம், புதிய சம்பளச் சீட்டு, குழந்தையோ பெற்றோரோ உங்களைச் சார்ந்திருப்பதற்கான சான்று ஆகியவற்றை இணையுங்கள். குழந்தைப் பராமரிப்பு, உரிமக் கட்டணம் போன்றவற்றை மொத்தப் படிப்புச் செலவில் சேர்க்கும்படியும் கேட்கலாம். இதனால் மத்தியக் கடனின் வரம்பு உயராது, ஆனால் கல்வி நிறுவனம் தன் சொந்த நிதியிலிருந்து தரும் உதவித்தொகை மாறக்கூடும்; எனக்கு ஒரு பருவக் கட்டணத்தின் ஒரு பகுதி அப்படித்தான் குறைந்தது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கேட்க வேண்டும். இந்த ஆண்டுக்கான கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். குழந்தைகள் நலப் பயிற்சிக்கு இடம் உறுதியாகிவிட்டது. பெண்கள் நலப் பயிற்சிக்கான பிரிசெப்டரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.